எட்டாவது கையெழுத்து

விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது என்னிடம் ஒரு பெட்டி, ரத்தம் எடுக்கும் சாமான்கள் வைத்த ஒரு பை, கையெழுத்துப் போடாத ஒரு படிவம் ஆகியவை இருந்தன. கூடவே வழக்கமான என் பயமும் இருந்தது. பயந்தாங்கொள்ளிகள் பயணக் கட்டுரை எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லாததால் எழுதுகிறேன். நான் கோலாலம்பூரில் விளையாட்டு உடலியல் ஆராய்ச்சி செய்பவள். மலையில் பயிற்சி எடுக்கும்போது ஓட்டக்காரர்களின் உடம்பு எப்படி மாறுகிறது என்பதுதான் என் பாடம். மலைகளைப் பற்றி இத்தனை வருடம் படித்திருந்தும் மின்தூக்கியில் தனியாக ஏறப் பயப்படுகிறவள்.

விஷயம் இதுதான். 2007-ஆம் ஆண்டு, சமவெளியில் பிறந்து வளர்ந்த எட்டு ஓட்டக்காரப் பெண்களை ஊட்டிக்குக் கூட்டிப்போய் மூன்று வாரம் ஓடவிட்டுப் பரிசோதித்தோம். மலையில் காற்று மெலிசு. மூச்சுக்குப் போதாமல் உடம்பு பதறிப்போய் சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்துகொள்ளும். கீழே இறங்கி ஓடினால் அந்தக் கூடுதல் ரத்தம் கைகொடுக்கும். ஏழு பேருக்கு அப்படியே நடந்தது. சத்யா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மட்டும் ரத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்கியிருந்தது.

அடுத்த முகாம் லடாக்கில், லே என்ற ஊரில். ஊட்டியைவிட வெகு உயரம். நான் விருத்தாசலம் வந்த அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை குழு சென்னையிலிருந்து புறப்பட வேண்டும். முகாம் முடிந்ததும் ஒரு தேர்வு ஓட்டம். அதில் முன்னால் வருகிறவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கலாம். ஏழு பேருடைய படிவத்திலும் ‘தகுதி உண்டு’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். எட்டாவது படிவத்தோடு சத்யாவின் ஊருக்கே வந்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு மலையில், என் கையெழுத்தை நம்பி ஏறிய ஒரு ஓட்டக்காரருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. உதட்டோரம் இளஞ்சிவப்பாய் நுரை தள்ளியதை நானே பார்த்தேன். ஆள் பிழைத்துவிட்டார், அதற்குப் பிறகு ஓடத்தான் முடியவில்லை. அன்றிலிருந்து படிவத்தைப் பார்த்துப் பேனாவைத் திறந்தால், மூடிவிட்டு எல்லா எண்களையும் இன்னொரு முறை சரிபார்ப்பேன்.

புதன்கிழமை காலை ஸ்டேஷனுக்கு வந்து என்னைக் கூட்டிப்போனவர் சத்யாவின் பி.டி. மாஸ்டர் ஜாபர். சொந்த ஊர் மங்கலம்பேட்டை. என் பெட்டியை மொபெட்டின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, தம் கால்களை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, “ஏறுங்க மேடம்” என்றார். ஏறினேன். மணிமுத்தாற்றுப் பாலத்தின் நடுவில் மொபெட்டின் செயின் கழன்றது. பின்னால் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கியது. மலேசியாவிலும் லாரிகள் பயமுறுத்தும்தான், ஆனால் வரிசையில் வந்து பயமுறுத்தும். நான் பாலத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன்.

“பயப்படாதீங்க மேடம். இந்தப் பாலத்துலேர்ந்து யாரும் வுழுந்ததில்ல” என்றார் மாஸ்டர், செயினை மாட்டிக்கொண்டே.

“யாருமேயா?”

“ரெண்டு பேரு வுழுந்தாங்க. ஆத்துல தண்ணி ஏது, மணலுதான். எழுந்து வந்துட்டாங்க.”

லாட்ஜ் அறையில் மின்விசிறி ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். கீழே இருந்த கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பைக் கிண்ணத்தில் தனியாக வைப்பார்கள். இங்கே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் மூழ்கடித்துத்தான் இலையை விட்டு நகர்கிறார் பரிமாறுகிறவர். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. ஆனாலும் இன்னொன்று கேட்டு வாங்கினேன். பயம் வந்தால் எனக்குப் பசி கூடும்.

வியாழக்கிழமை விடிந்ததும் மைதானத்தில் சத்யா ஓடினாள். ஊட்டியில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். நான்கு சுற்று வரைக்கும் அழகாகத்தான் ஓடினாள். ஐந்தாவது சுற்றில் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறின. ஆறாவதில் வாய் திறந்துகொண்டது. நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டு, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

“எப்படிம்மா இருக்கு?”

“நல்லாருக்கேன் மேடம். இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடட்டுமா?”

ஊட்டியிலும் எப்போது கேட்டாலும் இதே பதில்தான். நல்லாருக்கேன் மேடம். நானும் பெருமையாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன்.

ரத்தம் எடுத்தேன். ஊசி குத்துவது என் தொழில். குத்தும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியாதது தொழிலின் கஷ்டம். அதையும் மலப் பரிசோதனைக்கான டப்பியையும் கடைத்தெருவில் இருந்த பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டு, சத்யாவோடு அவள் வீட்டுக்குப் போனேன். ஓடு போட்ட சின்ன வீடு. அம்மா அஞ்சலை செராமிக் பட்டறையில் வேலை செய்கிறவர். என்னைப் பார்க்க அரை நாள் லீவு போட்டிருந்தார். அப்பா இல்லை, அக்கா திட்டக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

கேழ்வரகுக் களியும், முருங்கைக்கீரையும், கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். மல்லாட்டை என்று இந்தப் பக்கத்தில் சொல்லும் நிலக்கடலையை அவித்து ஒரு தட்டு நிறைய வைத்தார்கள். சாப்பிடுகிற சாக்கில் வாரம் முழுக்க என்னென்ன சமைப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். எனக்குத்தான் கலவரமாகிவிட்டது. என் ஆராய்ச்சி நிலையத்து உணவு நிபுணரே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது அந்தப் பட்டியல். இவ்வளவு இரும்புச் சத்து உள்ளே போகிற உடம்பில் ரத்தம் இல்லை என்றால் அது எங்கே போகிறது?

இரும்பு இல்லாத உடம்பை மலைக்கு ஏற்றுவது, வீட்டில் அரிசி இல்லாமல் விருந்துக்கு ஆள் கூப்பிடுவது போல. உடம்பு புது ரத்தம் செய்யப் பார்க்கும், சரக்கு இருக்காது. அதனால்தான் எட்டுப் பேருக்கும் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தேன். ஊட்டியில் சத்யாவின் ரத்தம் இறங்குவதைப் பார்த்து அவளுக்கு மட்டும் அளவை இரட்டிப்பாக்கினேன்.

சாயங்காலம் பரிசோதனை முடிவு வந்தது. ஊட்டியில் இருந்ததைவிட மோசம். வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. புழு இல்லையே என்று ஒருத்தி அழுத கதையை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? அன்று எனக்கு அழுகை வந்தது. புழு இல்லை என்றால் மிச்சமிருக்கும் காரணங்கள் எல்லாம் பெரிய பெரிய பெயர் கொண்டவை. குடலில் எங்கோ ரத்தக் கசிவு. எலும்பு மஜ்ஜையில் கோளாறு. அதற்கு மேலே உள்ளதை நான் மனதுக்குள்கூட உச்சரிக்கவில்லை.

ஜாபர் மாஸ்டர் வேறு காரணம் சொன்னார். “மாத்திரைய தூக்கிப் போட்டிருப்பா மேடம். இந்தப் பொண்ணுங்க அப்பிடித்தான். கொமட்டுதுன்னு வாயில போட்டுட்டு வெளிய போயி துப்பிடும்ங்க.”

எனக்கு அந்த யோசனை இனித்தது. நோயைவிடப் பொய் எவ்வளவோ தேவலை. மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வேகமாகத் திரும்பிப் போய் சத்யாவிடம் கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே. அவள் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். காலி மாத்திரை அட்டைகள். ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் பேனாவால் தேதி.

“ஒரு நாளுகூட வுடல மேடம். நீங்க கேப்பீங்கன்னுதான் எடுத்து வெச்சேன்.”

மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டார். மாத்திரையும் போகிறது, சாப்பாடும் போகிறது, ரத்தம் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாஸ்டரின் வீட்டில், மங்கலம்பேட்டையில், விருந்து. பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, மடியில் யாரோ ஒருவரின் கைக்குழந்தையும் கிடைத்தது. குழந்தையை ஒரு வார்த்தை கேட்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு அந்தத் தாய் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டாள். இறங்கும் இடம் வரை, அவள் வராவிட்டால் இந்தக் குழந்தையை என்ன செய்வது என்ற பயம். வந்து வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள். கோலாலம்பூரில் இப்படி யாரும் யாரையும் நம்பமாட்டார்கள்.

மாஸ்டரின் அண்ணன் சவூதியில் இருக்கிறார். அவர் அனுப்பிய கண்ணாடிக் கோப்பைகளில் சர்பத் கொடுத்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன். மாஸ்டரின் மனைவி, “என்னங்க, ஒண்ணுமே சாப்புடல. காரமா இருக்குதா?” என்று மூன்று முறை கேட்டார். காரமில்லை அம்மா, பயம் என்று எப்படிச் சொல்வது? புதன்கிழமை கூடியிருந்த பசி அன்று செத்துவிட்டிருந்தது.

திரும்பும் வழியில் சத்யாவின் அம்மா வேலை செய்யும் பட்டறைக்கு என்னைக் கூட்டிப்போக மாஸ்டரிடம் சொன்னேன். தூசியாக இருக்கலாம், மெருகு பூசும் மருந்தாக இருக்கலாம், ரத்தத்தைக் கெடுக்கிற ஏதாவது ஒன்று அங்கே கிடைக்காதா என்ற நப்பாசை. சத்யாவும் ஓட்டம் இல்லாத நாட்களில் அங்கே வேலைக்குப் போகிறவள்தான்.

நீளமான கொட்டகை. அச்சுகளில் ஊற்றிய களிமண் கூழ் இறுகியதும் அச்சைப் பிரிக்கிறார்கள். உள்ளிருந்து பிள்ளையார் வருகிறார், வாத்து வருகிறது, மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீஸ் கட்டை வருகிறது. எல்லாம் ஒரே வெள்ளை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அச்சு சேர்ந்த இடத்தில் தெரியும் கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்குகிறார்கள். கோடியில் சூளை. அதன் பக்கத்தில் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. அஞ்சலை அக்கா பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்தேன்.

அவர் ஒரு வாத்தைக் கையில் எடுத்தார். நாக்கை நீட்டி அதன் அடிப்பக்கத்தில் ஒரு தொடு தொட்டார். வாத்தை வலது பக்கம் வைத்தார். அடுத்ததை எடுத்தார், நாக்கால் தொட்டார், இடது பக்கம் வைத்தார்.

“என்னக்கா செய்றீங்க?”

“காஞ்சிடுச்சான்னு பாக்குறது மேடம். நாக்குல ஒட்டுனா காஞ்சிடுச்சி. வழுக்குனா ஈரம் இருக்குது. ஈரத்தோட சூளையில வெச்சா வெடிச்சிடுமே.”

சொல்லிக்கொண்டே மடியில் விழுந்திருந்த சுரண்டல் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வெற்றிலை போடுகிறவர்கள் பாக்கை எடுப்பது போல, பார்க்காமலே எடுத்தார். நான் வரிசையைப் பார்த்தேன். எதிரில் இருந்த பெண்ணின் கன்னமும் அசைந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்தவளுடைய கன்னமும்.

“அக்கா, மண்ணையா சாப்பிடறீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். “நாக்குல வெச்சி வெச்சிப் பழகிப்போச்சு மேடம்” என்றாள் எதிரில் இருந்தவள். “இல்லாங்காட்டி வாயி நமநமன்னு இருக்குது. மொத மழ பேஞ்ச வாசன அடிக்கும், நீங்களும் தின்னு பாருங்க.”

“சத்யாவும் சாப்பிடுவாளா?”

“அவ சின்னப் புள்ளையிலேர்ந்து இங்க வளந்தவதான” என்றார் அஞ்சலை அக்கா. பிறகு, நான் கேட்காமலே, எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார். “நீங்க குடுத்த மாத்திர இருக்குதே, அது போட்டா கொமட்டுது கொமட்டுதுன்னு அழுதா. எங்க வாந்தி எடுத்து மாத்திர வீணாயிடுமோன்னு, ஒரு துண்டு மண்ணையும் சேத்துக் கடிச்சிக்கடின்னு சொன்னேன். வவுத்துக்கு இதமா இருக்கும். ஊட்டிக்குக்கூட ஒரு பை கட்டிக் குடுத்தேன் மேடம்.”

எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, திரும்ப உட்கார்ந்தேன். களிமண் வயிற்றுக்குள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. பாடப் புத்தகத்தில் இருப்பதுதான், நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ரத்தம் குறைந்தால் மண் ருசிக்கும், மண் தின்றால் ரத்தம் குறையும். நான் மாத்திரையை இரட்டிப்பாக்கினேன், குமட்டல் இரட்டிப்பானது, அவள் மண்ணை இரட்டிப்பாக்கினாள். என்ன சாப்பிடுகிறாய் என்று எட்டுப் பக்கக் கேள்வித்தாள் வைத்திருந்தேன். காபி உண்டா, டீ உண்டா, எத்தனை டம்ளர் என்றெல்லாம் அதில் உண்டு. மண் இல்லை.

புற்றுநோய் இல்லை என்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் இருந்தேன். அடுத்த நிமிடம், இந்த வெளுத்த உடம்பை மூன்று வாரம் மலைமேட்டில் ஏறி ஏறி ஓடவைத்தேனே என்ற நினைப்பு வந்தது. ஊட்டியிலேயே ஏதாவது ஆகியிருந்தால், இந்த அக்கா முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்?

சாயங்காலம் அவர்கள் வீட்டில் வைத்து எட்டாவது படிவத்தை நிரப்பினேன். ‘இப்போது தகுதி இல்லை.’ மண்ணை அடியோடு நிறுத்திவிட்டு, மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொண்டு மூன்று மாதம் பார்க்க வேண்டும். அதற்குள் ரத்தம் ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அடுத்த முகாமில் இடம் கேட்டு எழுதுகிறேன் என்றும் சொன்னேன். கிடைக்கும் என்று சொல்லத் துணிச்சல் இல்லை.

சத்யா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க சொன்னத அப்பிடியேதான மேடம் செஞ்சேன்?” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“என் மேலதான் தப்பு. நான்தான் குடுத்தேன்” என்று அஞ்சலை அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“இல்லக்கா, நான் கேட்டிருக்கணும்” என்றேன்.

சனிக்கிழமை சென்னை ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். வண்டி தாமதம் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. சென்னையில் இருந்து அன்று இரவு கோலாலம்பூருக்கு எனக்கு விமானம். லேவுக்குப் பெண்களோடு போகப்போவது வேறு ஒரு பேராசிரியர். என் வேலை கையெழுத்தோடு முடிந்துவிட்டது. என் மலேசியக் கைப்பேசி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஊமையாகத்தான் கிடந்தது. யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பதே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சத்யா வந்தாள். சைக்கிளை வெளியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் போயிருந்தது, கண் மட்டும் வீங்கியிருந்தது.

“காலையிலேர்ந்து மண்ணு திங்கல மேடம். தல வலிக்குது.”

“பழகிடும்மா.”

தானாகவே பேசினாள். “ஊட்டியில அந்தக் கடைசி மேடு இருக்குதே, அதுல ஏறுறப்ப தெனமும் செத்துப் போயிடுவேன்னுதான் மேடம் நெனப்பேன். கண்ணு இருட்டிக்கிட்டு வரும். காது அடைச்சிக்கும்.”

“நான் தினமும் கேட்டேனே சத்யா. நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதானே சொன்னே? ஏம்மா சொல்லலை?”

“நீங்க கொரங்கப் பாத்தாலே பயந்து கதவ சாத்திக்குவீங்க. ஒருத்திக்கு மூக்குல ரத்தம் வந்ததுக்கு நீங்க அழுதீங்க. பாவமா இருந்துச்சி. இதெல்லாம் சொல்லி எதுக்கு உங்கள பயமுறுத்தணும்னு, யாரும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு நாங்களே பேசி வெச்சிக்கிட்டோம்.”

“நாங்கன்னா?”

“எட்டுப் பேரும்தான் மேடம்.”

தூரத்தில் ரயிலின் கூவல் கேட்டது. பிளாட்பாரத்தில் எல்லோரும் எழுந்தார்கள்.

“மத்தவங்களுக்கு என்ன இருந்துச்சு?” என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

“சும்மா தலவலி, வாந்தி, அப்பிடித்தான். மஞ்சுளா மட்டும் கடைசி அஞ்சாறு நாளா ஒக்காந்துக்கிட்டேதான் தூங்குவா. படுத்தா நெஞ்சுல தண்ணி தளும்புற மாதிரி இருக்குதும்பா. மத்தபடி நல்லா ஓடுவா மேடம். நாளைக்கு அவதான மொத ஆளா லேவுக்குக் கெளம்புறா.”

ரயில் வந்து நின்றது. ஜனங்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறினார்கள். “மேடம், வண்டி கெளம்பிடும், ஏறுங்க” என்று சத்யா என் பெட்டியைத் தூக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சென்னைக்குப் போன் போடப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.